மனையறம்: சமையலறைப் படமும் ஒளிப் பிழைகளும்

வீடு கட்டுவோரும் பழைய வீட்டைப் புதுக்குவோரும் இந்நாளில் முதலிற் காண்பது படம். செங்கல்லும் சிமெண்டும் பின்னர்தான் வருகின்றன. பெங்களூரிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ உள்ள ஒரு கடைக்குச் சென்று சமையலறையின் நீள அகலத்தைச் சொன்னால், இரண்டொரு நாளிற் கணினியால் தீட்டிய வண்ணப் படம் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. அலமாரி பளபளக்கிறது, மேடை மின்னுகிறது, சன்னல் வழியே பொன்னொளி பாய்கிறது. வீட்டார் மகிழ்கின்றனர், முன்பணம் கைமாறுகிறது. வேலை முடிந்த பின்னரோ, அதே சமையலறையிற் பகல் பதினொரு மணிக்கும் விளக்குப் போடாமல் அரிசியிற் கல் பொறுக்க முடியவில்லை என்னும் குறை எழுகிறது. இக்குறையைத் தெரிவித்த அன்பர் சிலருக்காகவும், இத்தகைய படங்களைத் தீட்டும் தொழிலில் அமர்ந்துள்ள நம் இளைஞர்களுக்காகவும் இத்திங்கள் இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. சமையலறைப் படம் இருண்டு தோன்றுமானால் அதற்கு இரண்டு காரணங்களுள் ஒன்று இருக்கும். தீட்டியவர் கணக்கிற் பிழை செய்திருக்கலாம். அல்லது வீடே இருண்டதாக இருக்கலாம். முன்னதைத் திருத்த வேண்டும். பின்னதை மறைக்காமற் காட்ட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல், இல்லாத விளக்குகளைப் படத்திற் சேர்த்து அதனை வெளிச்சமாக்கிவிடும் வழக்கமே இக்குறைகளுக்கு வேராக உள்ளது.

தங்கவயலும் ஒளியும்

மின்னொளியின் வரலாற்றில் நம் தங்கவயலுக்குத் தனியிடம் உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்னாற்றல் 1902-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 92 மைல் நீளக் கம்பி வழியே இங்கு வந்து சேர்ந்தது. பெங்களூர்த் தெருக்கள் மின்விளக்குப் பெற்றது 1905-இல்தான். எனினும் அந்த மின்சாரம் முதலிற் சென்றது சுரங்கப் பொறிகளுக்கு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து குடியேறிய நம் முன்னோரின் தட்டி வீடுகளிலும் லைன் வீடுகளிலும் நெடுங்காலம் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கே. வீட்டுக்குள்ளும் அவ்வரிசை மாறவில்லை. முன்னறைக்கு ஒளி வந்த பிறகுதான் அடுக்களையை நினைத்தோம்.

லைன் வீட்டின் அமைப்பு நாம் அறியாததன்று. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு பொது. ஆதலின் பக்கச் சன்னலுக்கு இடமில்லை. முன்வாசலும் பின்வாசலும் கூரையுமே ஒளி வரக்கூடிய வழிகள். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பின், விடியற்காலையில் மாரிகுப்பத்தில் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் பிள்ளைகளின் ஊதியமே பல இல்லங்களுக்கு ஆதாரமாயிற்று. அவ்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு அடுக்களையைப் புதுக்கும்போது, ஒரு படத்தின் பொய்யொளியை நம்பி அப்பணத்தைச் செலவிடலாமா?

படம் பிறக்கும் விதம்

இப்படங்களைத் தொழிலில் ‘ரெண்டர்’ என்பர். அறையின் சுவர், சன்னல், அலமாரி ஆகியவற்றை அளவோடு கணினியில் வரைந்து, ஒளி எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்றும் சொல்லிவிட்டால், கதிர்கள் எங்கெங்கே பட்டு எவ்வாறு திரும்பும் என்று கணக்கிட்டுக் கணினி படத்தைத் தரும். 1984-இல் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தார் ஒரு பெட்டியின் உட்புறத்தை இவ்வாறு தீட்டினர். வண்ணச் சுவரிற் பட்ட ஒளி பக்கத்து வெண்பரப்பில் அவ்வண்ணத்தைச் சிந்துவதும் அதிலே தெரிந்தது. பின்னர் மெய்யான பெட்டியையே செய்து வைத்துக் கணினிப் படத்தை அதனோடு ஒப்பிட்டும் பார்த்தனர். 1986-இல் ஜேம்ஸ் கஜியா என்னும் அறிஞர் ஒளி பரவும் முறையை ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். வி-ரே, பிளெண்டர் முதலிய இன்றைய மென்பொருள்கள் அவ்வழியிற் செல்வனவே.

ஆகவே ரெண்டர் ஒரு கணக்கு. கொடுத்த அளவு மெய்யானால் விடையும் மெய்யாகும். பிழை நேர்ந்தவிடத்து, கொடுத்த அளவுகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, எல்லா வண்ணங்களையும் நீக்கி அறை முழுவதையும் ஒரே சாம்பல் நிறமாக்கி, சன்னலொளி ஒன்றைக் கொண்டு முதலில் தீட்டிப் பார்க்க வேண்டும். பின்னர் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். வண்ணத்தைக் கடைசியிற் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே வைத்துக்கொண்டு பிழை தேடுவோர் நாளைத்தான் கழிப்பர்.

நான்காம் சுவர் எங்கே?

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. கணினியில் தீட்டுவோர் பலர் சுவரை நீக்கிவிட்டுச் சித்திரம் எழுதுகின்றனர். சிறிய அடுக்களையிற் கேமரா பின்வாங்க இடமில்லை. அதனால் ஒரு பக்கச் சுவரையே எடுத்துவிடுகின்றனர். அவ்வழியே வானத்து ஒளி வெள்ளமாய்ப் புகுந்து, உள்ளே ஒரு மூலையும் இருளாமற் செய்துவிடுகிறது. எவர்சில்வர்ப் பாத்திரத்தை உற்று நோக்கினால் இக்களவு பிடிபடும். அதிலே எதிர்ச்சுவர் தெரிய வேண்டிய இடத்தில் வெட்டவெளியோ கருமையோ தெரியும்.

இதற்கு மாற்று எளிது. கேமராவுக்கு மட்டும் சுவரை மறைத்து, ஒளிக்கு அதை மறையாமல் வைக்கும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. அதைப் பயன்படுத்துக. சுவருக்குத் தடிப்புக் கொடாமல் வெறுந்தாள் போல் வரைவதும் தவறு. சுவரும் கூரையும் கூடும் மூலையில் அப்போது ஒளிக்கீற்றுக் கசியும். செங்கற்சுவரை அதன் மெய்யான தடிப்போடு வரைந்தால் அக்கசிவு நிற்கும். சன்னலின் ஆழமும் சரியாக அமையும்.

எந்த ஊர்க் கதிரவன்?

பல படங்களில் வெயில் மிகச் சாய்வாக வந்து தரையில் நீளக் கிடப்பதைக் காண்கிறோம். காலையிலோ மாலையிலோ ஆயின் பொருந்தும். நண்பகல் என்று சொன்னால் அது நம் நாட்டு வெயிலாகாது. இலண்டன் நகரில் டிசம்பர் நண்பகலிற் கதிரவன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரத்தில்தான் நிற்கும். தங்கவயலோ வட அகலக்கோடு 13 பாகையை ஒட்டிய ஊர். இங்கு அதே டிசம்பரில் நண்பகற் கதிரவனின் உயரம் ஏறத்தாழ 54 பாகை. ஏப்ரல் இறுதியை ஒட்டியும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் அது உச்சந்தலைக்கு நேரே வரும். இடைப்பட்ட திங்கள்களில் நண்பகற் கதிரவன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். தென்புறச் சன்னலில் சூன் நண்பகலில் வெயில் விழுவதாகத் தீட்டிய படம் இவ்வூரைப் பற்றியதன்று என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆதலின் வரைபவர் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். ஊரின் இடம் கோலார் என்று உள்ளதா? வடக்குத் திசை வீட்டின் மெய்யான வடக்கோடு ஒத்துள்ளதா? நேரம் இந்திய நேரமா, அதாவது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னதா? இம்மூன்றும் ஒத்தபின் பின்கட்டின் எதிரேயுள்ள மதிலையும், சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடையும், அண்டை வீட்டின் சுவரையும் வரைந்தாக வேண்டும். வெளியே ஒன்றும் இல்லாத வெட்டவெளியிலே சன்னலைத் திறந்துவிட்டால் ஒளிக்கு என்ன குறை? நம் வீடுகள் வெட்டவெளியில் நிற்கவில்லை.

திரும்பும் ஒளி

வெயில் நேரே படாத இடத்திலும் பகலில் நமக்குக் கண் தெரிகிறதே, எவ்வாறு? சுவரிலும் தரையிலும் பட்டு ஒளி பலமுறை திரும்புவதால் தெரிகிறது. வெள்ளையடித்த சுவர் தன்மேற் பட்ட ஒளியில் நூற்றுக்கு 80 பங்கைத் திருப்புவதாகக் கொண்டால், மூன்று முறை பட்டுத் திரும்பிய பின்னும் 51 பங்கு எஞ்சும். பாதியைத் திருப்பும் நடுநிறச் சுவராயின் மூன்றாம் முறையில் எஞ்சுவது 12 பங்கே. புகையேறிக் கறுத்த சுவர் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்புமானால், மூன்றாம் முறையில் ஒரு பங்குகூடத் தேறாது. விறகடுப்பு எரிந்த காலத்து அடுக்களைகள் ஏன் இருண்டிருந்தன என்பதற்கு இக்கணக்கே விடை.

விரைவு கருதி, ஒளி ஒன்றிரண்டு முறை திரும்பியதும் கணக்கை நிறுத்திவிடுமாறு மென்பொருளை அமைத்திருப்பர் சிலர். அப்போது வெண்சுவர் அறையும் இருண்டு தோன்றும். திரும்பும் எண்ணிக்கையைக் கூட்டினால் இருள் விலகும்; இது படத்தின் பிழை. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சுவரின் வெண்மையை முழு நூறு பங்கென்று கொடுத்துவிடுவர். உலகில் எந்தச் சுண்ணாம்பும் அவ்வாறு வெளுப்பதில்லை; 80 பங்கை ஒட்டிக் கொடுப்பதே மெய்க்கு அருகில் நிற்கும்.

கேமராவின் திறப்பையும் இங்கேயே கருத வேண்டும். நம் கண் அறையின் இருளுக்கும் வெளியின் வெயிலுக்கும் மாறி மாறிப் பழகிக்கொள்ளும். கேமரா அவ்வாறு பழகாது. அறைக்கு ஏற்பத் திறந்தால் சன்னல் வெளுத்துப்போகும். சன்னலுக்கு ஏற்ப மூடினால் அறை இருளும். இது மெய்யான புகைப்படத்திலும் நிகழ்வதே. அறைக்கு ஏற்பத் திறந்துவிட்டு, சன்னற்புறத்து மிகையொளியை மட்டும் அடக்கிக் காட்டும் வசதியைப் பயன்படுத்தலாம். அதை விட்டு அறைக்குள் விளக்குகளைப் பெருக்குவது முறையன்று.

விளக்கின் அளவு

விளக்குகளில் நேரும் பெரும்பிழை அளவுப் பிழை. அறையை அடிக்கணக்கில் வரைந்து, மென்பொருள் அதனை மீட்டராக எடுத்துக்கொள்ளுமானால், பத்தடி அறை பத்து மீட்டர் மண்டபமாகிவிடும். அப்போது அதே விளக்கின் ஒளி ஏறத்தாழ 11 மடங்கு பரப்பிற் சிதறி மங்கும். ‘விளக்குப் போட்டும் படம் இருட்டாக இருக்கிறது’ என்று வருந்துவோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும். விளக்கை அதன் மூடிக்குள்ளோ அலமாரிப் பலகைக்குள்ளோ புதைத்துவிடுவது மற்றொரு பிழை. எரிகிற விளக்கு எரியாததுபோல் இருக்கும்.

விளக்கின் வலிமையைக் குத்துமதிப்பாகக் கொடுக்கலாகாது. கடையில் வாங்கும் எல்.இ.டி. குமிழின் அட்டைப்பெட்டியில் லூமென் என்னும் அளவு அச்சிட்டிருக்கும். 9 வாட் குமிழ் ஒன்று 800 முதல் 900 லூமென் வரை தரும். அதையே கணினியிலும் கொடுக்க வேண்டும். சமையல் மேடைக்கு 300 முதல் 500 லக்ஸ் வரை ஒளி வேண்டும் என்பது ஒளியமைப்போர் பலர் கொள்ளும் அளவு. வெளியே நேர்வெயிலில் இது 1,00,000 லக்ஸ் வரை ஏறும். எனவே வெயில் புகும் பகற்படத்தில் விளக்குகள் செத்துக் கிடப்பதுபோலத் தோன்றுவது இயல்பு. அவற்றைப் பலமடங்கு ஏற்றிக் காட்டுவது ஏமாற்று. பகலுக்கு ஒரு படமும் இரவுக்கு ஒரு படமும் தனித்தனியே கேட்டுப் பெறுவதே நேர்வழி.

இன்னொரு பழக்கத்தைச் சுரங்கத்தில் உழைத்த நம் பெரியோர் எளிதில் உணர்வர். நெற்றி விளக்கோடு ஆழத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: பார்க்கும் திசையிலேயே ஒளியும் செல்வதால், பொருளின் நிழல் பொருளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும், மேடு எது, பள்ளம் எது என்பது தெளிவாகத் தெரியாது. கேமராவுக்கு அருகிலே ஒரு விளக்கை வைத்து அறையை நிரப்பும் படங்களும் அத்தகையனவே. இருள் இராது; ஆனால் நிழலும் இராது. மேல் அலமாரிக்கு அடியில் எவ்வளவு இருளும் என்பதை அப்படம் ஒருநாளும் சொல்லாது. அவ்விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

நிறமும் புள்ளியும்

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் எண்ணாற் குறிப்பர். 2,700 என்பது பழைய குண்டு விளக்கின் மஞ்சள். 6,500 என்பது நம் வீட்டுக் குழல் விளக்குகளிற் பெரும்பாலும் காணும் நீலவெண்மை. படத்தை 2,700-இல் தீட்டி, வீட்டில் 6,500 விளக்கை மாட்டினால், வெண்ணெய் நிறத்து அலமாரி சாம்பல் பூத்ததுபோல் தோன்றும். எந்த விளக்கை மாட்டப் போகிறோமோ அதையே படத்திலும் ஏற்ற வேண்டும். இரண்டு நிறங்களையும் ஒரே மேடைமேற் கலந்தால் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் நிற்கும். பெட்டியின்மேல் சி.ஆர்.ஐ. என்றொரு எண்ணும் இருக்கக்கூடும். பொருளின் இயல்பான நிறத்தை விளக்கு எவ்வளவு மெய்யாகக் காட்டும் என்பதற்கு அது அளவு. 100 என்பது உச்சம். கீரையின் பழுப்பையும் மீனின் பழமையையும் கண்டறிய வேண்டிய இடத்துக்கு 90-ஐ எட்டிய விளக்கு நன்று.

வெள்ளை அலமாரி சிவந்து தெரிகிறது என்று சிலர் கேட்கின்றனர். தரையிற் சிவப்பு ஓடு பதித்திருந்தால் அவ்வாறு தெரிவது மெய்யே. கார்னெல் பெட்டியிற் கண்டது அதுதான். மெய்வீட்டிலும் அவ்வாறே தெரியும் என்பதால், அதைத் துடைத்துவிடாமல் ஓட்டின் நிறத்தைப் பற்றி மறுபடி எண்ணிப் பார்ப்பது நல்லது.

படம் முழுவதும் புழுதி தூவியதுபோற் புள்ளிகள் தோன்றினால், கணினி போதிய கதிர்களை விடவில்லை என்று பொருள். கதிர்களை நான்கு மடங்காக்கினாற் புள்ளி பாதியாகும். காலமும் அவ்வளவு கூடும். புள்ளியைத் துடைக்கும் கருவிகளும் உண்டு. அவற்றை மிகையாகப் பயன்படுத்தினால் கிரானைட் மேடையின் இயற்கைப் புள்ளிகளும் சேர்ந்து அழிந்துபோகும். கல்லைத் தேர்ந்தெடுக்கும் வீட்டார் அப்போது கல்லைக் காணாமலே தேர்ந்தெடுக்க நேரும்.

படம் திருந்திய பின்னும் இருள் நின்றால்

மேற்கூறிய யாவும் சரியான பின்னும் படத்தில் மேடை இருண்டிருக்குமானால் வருந்த வேண்டா. படம் தன் கடமையைச் செய்துவிட்டது. கட்டுமுன்பே வீட்டின் குறை தெரிந்துவிட்டது. தாளிலே திருத்துவதற்குச் சுத்தியலும் கொத்தனும் வேண்டியதில்லை.

அடுக்களையின் நடுக்கூரையில் ஒற்றை விளக்கு மாட்டுவதே நம் வழக்கம். மேடையை நோக்கி நிற்பவரின் முதுகுக்குப் பின்னே அவ்விளக்கு அமைகிறது. அவருடைய நிழல் அரிவாள்மணைமீதும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிமீதும் விழுகிறது. வயதேறிக் கண் மங்கிய தாய்மார்க்கு இது தொல்லை மட்டுமன்று, இடரும் ஆகும். படத்தில் மேடைக்கு முன் ஓர் ஆளின் உருவத்தை நிறுத்தித் தீட்டச் சொல்லுங்கள். நிழல் எங்கே விழுகிறது என்று உடனே தெரியும். மேல் அலமாரியின் அடியில் ஒரு விளக்குப் பட்டையை மாட்டினால் அந்நிழல் நீங்கும். மேடையிலிருந்து ஆறடி உயரத்திலுள்ள ஒரு சிறு விளக்கை இரண்டடிக்கு இறக்கினால், நேர்க்கீழே விழும் ஒளி 9 மடங்காகும் என்பது ஒளியின் இயல்பு. ஆதலின் பெரிய விளக்கும் வேண்டா, மின்கட்டணமும் ஏறாது.

பகலொளிக்குக் கூரையே நம் துணை. கதிரவன் தலைக்கு அருகிற் செல்லும் இவ்வூரில் கூரையிற் பதித்த ஒரு கண்ணாடி ஓடு, அல்லது தகரக் கூரையாயின் ஒளிபுகும் தகடு ஒன்று, பக்கச் சன்னல் இல்லாத லைன் வீட்டுக்குப் பெருந்துணையாகும். அது மேடைக்கு நேரே வேண்டுமா, ஓரடி தள்ளி வேண்டுமா, கோடையில் வெயில் யார் தலைமேல் விழும் என்பவற்றையெல்லாம் படத்திலேயே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். எட்டா உயரத்து அலமாரிகளைக் குறைத்தாலும், சுவர்க்கு வெளிர்நிறம் பூசினாலும் எவ்வளவு ஒளி கூடும் என்பதையும் அது காட்டும்.

தீட்டும் இளைஞர்க்கு

சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் தன் பொருட்படங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைக் கணினியாலேயே தீட்டுவதாக 2014-இற் செய்தி வந்தது. தொடக்கத்திற் படங்கள் சிறக்காதபோது, புகைப்படக்காரர்களுக்குக் கணினி வரைவையும், கணினியில் வரைவோர்க்குப் புகைப்படக் கலையையும் அந்நிறுவனம் கற்பித்தது. ஒளியை அறியாதவர்க்கு மென்பொருள் மட்டும் துணை செய்யாது என்பதை அது உணர்ந்திருந்தது. நம் இளைஞர்களும் தம் வீட்டு அடுக்களையிற் காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் ஒரு படம் எடுத்து, அதே அடுக்களையைக் கணினியிலும் தீட்டி ஒப்பிட்டுப் பார்ப்பாராக. அதைவிடச் சிறந்த பயிற்சி இத்தொழிலில் இல்லை என்பது நம் கருத்து. மேலதிகாரி பளபளப்பான படம் கேட்பார், அதையும் கொடுக்கலாம். ஆனால் மெய்யளவில் தீட்டிய ஒரு படம் வீட்டாரின் கைக்குச் சென்றதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வீட்டாருக்கு முடிவாகச் சில சொற்கள். முன்பணம் கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான்கு சுவரும் கூரையும் இருக்கத் தீட்டிய படமா? கோலார்க் கதிரவனும் நம் வீட்டு வடக்கும் கொண்ட படமா? படத்தில் எரியும் விளக்குகளெல்லாம் விலைப்பட்டியலிலும் உள்ளனவா? இரவுப் படம் எங்கே? இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். அக்கேள்விகளைக் கேட்கும்போது, நாள்தோறும் அவ்வடுக்களையில் நிற்கப்போகிறவர் யாரோ அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். படத்தை முதலில் அவர் கையிற் கொடுங்கள்.

அடுத்த திங்கள், தகரக் கூரையின் வெப்பத்தைத் தணிக்கும் வழிகளைக் காண்போம்.